சிறு அளவு உரமும் சீரான ஓட்டமும்

எள் விதைக்கும் உழவர் விதையைத் தனியே அள்ளி வீசுவதில்லை. அதனோடு நான்கு மடங்கு உலர்ந்த மணலைக் கலந்து, அதன் பின்னரே வீசுகிறார். விதையோ சிறிது, நிலமோ பெரிது. சிறிதளவுப் பொருளைப் பெரும் பரப்பில் ஒரே சீராகப் பரப்ப வேண்டுமானால், கை தாராளமாக இயங்கும் அளவுக்கு முதலில் அப்பொருளைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இவ்வுண்மை நம் உழவர்களுக்குப் புதியதன்று. ஆயினும், உரத்தை நீரில் கரைத்துக் குழாய் வழியே செலுத்தும்போது இதனை நாம் மறந்துவிடுகிறோம். சிறு அளவில் தழைச்சத்தைச் செலுத்தும்பொழுது ஓட்டத்தை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

நம் வட்டாரத்தின் நிலை

உப்பிலியபுரம் ஒன்றியம் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி. மழைக் காலத்தில் ஐயாறு நீர் தருகிறது. மற்றைய நாட்களில் கிணறுகளே துணை. சோபனபுரம், வைரிசெட்டிப்பாளையம் போன்ற மலையடிவார ஊர்களில் நிலம் பெரும்பாலும் சரிவானது. சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம், மரவள்ளி முதலிய பயிர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் பரவி வருகிறது. குழாய் வந்த இடத்தில் உரமும் குழாய் வழியே செல்லத் தொடங்கியுள்ளது. இது வரவேற்கத்தக்க மாறுதலே.

ஆனால், ஓர் இடர்ப்பாடு உண்டு. உரப் பரிந்துரைகள் யாவும் ஹெக்டேர்க் கணக்கில் அமைந்தவை. நம் தோட்டங்களோ சென்ட் கணக்கில் உள்ளவை. ஒரு ஹெக்டேருக்கு உரிய அளவில் இரண்டு கிலோ கூடினாலும் குறைந்தாலும் பெருந்தீங்கு இல்லை. இருபத்தைந்து சென்ட் வெங்காயத்துக்கு ஒரு தடவையில் இட வேண்டிய யூரியா ஒரு கிலோவுக்கும் குறைவு. அதில் அரைக் கிலோ பிசகினால் பயிரின் கணக்கே மாறிவிடும். ஆகவே, அளந்து செலுத்தும் திறமை பெரிய பண்ணையாரைவிடச் சிறு உழவருக்கே மிகுதியாக வேண்டப்படுகிறது.

வெங்காயத்தில் இப்பிசகு உடனே கண்ணுக்குப் புலப்படாது. தழைச்சத்து மிகுந்தால் தாள் செழித்துக் கரும்பச்சையாக நிற்கும், பார்ப்பவர் பாராட்டுவர். பின்னர், காய் முற்றுவது தாமதப்படும், கழுத்துத் தடித்துவிடும். நல்ல விலையை எதிர்பார்த்துப் பட்டறையில் இட்டு வைத்த சரக்கு அழுகியும் முளைத்தும் போகும். வயலில் செய்த தவற்றுக்குப் பட்டறையில் தண்டம் செலுத்த நேரிடுகிறது.

அம்மோனியாவும் யூரியாவும்

தழைச்சத்து உரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாய்ப் பொருள் அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியாவை ஆக்கும் முறையை ஜெர்மானிய அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்து காட்டினார். 1913-இல் ஒப்பாவு நகரில் அதற்குப் பெருந்தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. நம் நாட்டில் 1947-இல் ஆலுவாய்க்கு அருகிலும், 1951-இல் சிந்திரியிலும் உர உற்பத்தி தொடங்கியது. தமிழ்நாட்டில் நெய்வேலி 1966-லும், மணலி 1971-லும், தூத்துக்குடி 1975-லும் யூரியா உற்பத்தியில் இறங்கின.

அம்மோனியாவில் 82 விழுக்காடு தழைச்சத்து உண்டு. யூரியாவில் 46 விழுக்காடே. அவ்வாறாயின் அம்மோனியாவையே நிலத்தில் இடலாகாதா என்று கேட்கலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1940-களிலிருந்து அவ்வாறே செய்து வருகின்றனர். அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே பண்ணை. டிராக்டரின் பின்னே தொட்டியை இழுத்துச் சென்று, கொழு முனைகளின் வழியே மண்ணுக்குள் அதனைச் செலுத்துகின்றனர். அம்மோனியா சுழிக்குக் கீழே 33 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும் இயல்புடையது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரியில் அதைத் திரவமாக அடைத்து வைக்க, காற்று மண்டல அழுத்தத்தைப்போல் பதினொரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கும் தொட்டி வேண்டும். கசிந்தால் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும். எனவே, நம் உழவர் கைக்கு அது யூரியாவாக மாறியே வருகிறது. எனினும், அந்நாட்டு உழவர்கள் எதிர்கொண்ட ஒரு சிக்கல் நமக்கும் பாடமாகும்.

பிறநாட்டார் கண்ட சிக்கல்

அம்மோனியாவை மிகுந்த அளவில் செலுத்தும்பொழுது எல்லாக் கொழுக்களுக்கும் அது ஏறக்குறைய ஒரே அளவாகப் போய்ச் சேருகிறது. அளவைக் குறைக்கும்பொழுதோ ஒரு கொழுவில் மிகுதியாகவும் மற்றொன்றில் மிகக் குறைவாகவும் செல்கிறது. வயலில் ஒரு சால் கரும்பச்சையாகவும் அடுத்த சால் வெளிர்மஞ்சளாகவும் தோன்றும். காரணம் என்ன? ஓட்டத்தைக் குறைக்க வால்வை நெரிக்கிறார்கள். வால்வைத் தாண்டியதும் அழுத்தம் தாழ்ந்து, திரவத்தில் ஒரு பகுதி கொதித்து ஆவியாகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கே ஆவியானாலும், குழாயின் இடத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அவ்வாவியே அடைத்துக்கொள்கிறது. ஆவியும் திரவமும் கலந்த ஓட்டம் எல்லாக் கிளைகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரங்கள் மூன்று. முதலாவது, பிரியும் இடத்தில் சிறிய துளைகளைப் பொருத்தி, அளவு குறைந்தாலும் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது, எல்லாக் குழல்களையும் ஒரே நீளமாக அமைப்பது. மூன்றாவது, அளவைக் கருவிக்கு வருமுன் அம்மோனியாவைக் குளிர்வித்து ஆவியாகாமல் தடுப்பது. இவற்றுள் முதலாவது நம் தோட்டத்துக்கும் பொருந்துவது. குறைந்த அளவு வேண்டுமென்று அழுத்தத்தைக் குறைத்தல் கூடாது என்பதே அதன் சாரம்.

ஓட்டத்தின் விதி

நம் குழாயில் செல்வது நீர், அது ஆவியாவதில்லை. ஆயினும் வேறொரு விதி அங்கும் ஆட்சி செய்கிறது. துளையின் வழியே பாயும் நீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஓட்டத்தைப் பாதியாக்க வேண்டுமானால் அழுத்தத்தைக் காற்பங்காக்க வேண்டும். ஓட்டத்தைக் காற்பங்காக்கினால் அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காண்போம். சரிவான ஒரு தோட்டத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இரண்டு மீட்டர் உயர வேறுபாடு என்று கொள்வோம். சாதாரணச் சொட்டுவான்கள் 10 மீட்டர் நீர் அழுத்தத்தில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில், இயங்குகின்றன. மேட்டில் 10 மீட்டர் இருந்தால் பள்ளத்தில் 12 மீட்டர் இருக்கும். மேட்டுச் செடி 10 பங்கு நீர் பெறும்பொழுது பள்ளத்துச் செடி ஏறக்குறைய 11 பங்கு பெறும். இது பொறுக்கத்தக்கது. இனி, உரம் மெல்லச் செல்லட்டும் என்று கருதி, பிரதான வால்வை நெரித்து ஓட்டத்தைப் பாதியாக்குகிறோம். மேட்டில் அழுத்தம் இரண்டரை மீட்டராகவும் பள்ளத்தில் நாலரை மீட்டராகவும் அமையும். அப்போது மேட்டுச் செடி 10 பங்கு பெற்றால் பள்ளத்துச் செடி 13 பங்குக்கு மேல் பெறுகிறது. நிலமும் குழாயும் மாறவில்லை. வால்வை நெரித்த ஒன்றினாலேயே ஏற்றத்தாழ்வு மும்மடங்குக்கு மேலாயிற்று. உரம் அந்நீரோடு செல்வதால் அதுவும் அவ்வாறே பிரிகிறது. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும்.

வென்சுரியும் அதன் இயல்பும்

சிறு தோட்டங்களில் உரக் கரைசலைக் குழாயில் ஏற்ற வென்சுரி என்னும் எளிய கருவியே பெரிதும் பயன்படுகிறது. அதன் நடுப்பகுதி குறுகியது. நீர் அவ்விடத்தில் விரைந்து பாய்வதால் அழுத்தம் தாழ்கிறது. அங்கு பொருத்திய சிறு குழல், டிரம்மிலுள்ள கரைசலை உறிஞ்சிக்கொள்கிறது. பிரதானக் குழாயில் உள்ள வால்வைச் சற்று மூடினால் நீர் வென்சுரியின் வழியே திரும்பிப் பாய்ந்து, அப்பால் மீண்டும் பிரதானக் குழாயில் சேர்கிறது. நுழையும் இடத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்களவு வென்சுரியில் குறைந்தால்தான் உறிஞ்சல் ஒழுங்காக நடைபெறும். அழுத்த வேறுபாடு மிகத் தாழ்ந்தால் உறிஞ்சல் நின்றுவிடும். சில வேளைகளில் நீர் பின்னோக்கி வந்து டிரம்மையே நிரப்பிவிடும்.

உறிஞ்சும் குழலில் உள்ள சிறு வால்வை இழையளவு திறந்து வைத்து உரத்தை ‘மெல்ல’ விடுவது பல தோட்டங்களில் காணப்படும் பழக்கம். இது நம்பத்தக்க முறையன்று. நூலிழை போன்ற அவ்விடைவெளியில் ஒரு மணல் துகளோ, வேம்பு பூசிய யூரியாவின் எண்ணெய்ப் படிவோ சிக்கினால் ஓட்டம் நின்றுவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் உறிஞ்சலும் ஏறி இறங்கும். எவ்வளவு சென்றது என்று எவராலும் கூற இயலாது.

இதற்கு மாறான வழி எளிது. வென்சுரியை அதன் இயல்பான வேகத்தில் உறிஞ்ச விட வேண்டும். அளவைக் குறைக்க விரும்பினால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டாம். டிரம்மில் உள்ள உரத்தைக் குறைக்க வேண்டும். நீரின் அளவு மாறாதிருக்கட்டும். உரத்தின் அளவே மாறட்டும்.

கணக்கிடும் முறை

முதலில் நம் வென்சுரியின் உறிஞ்சலை அளக்க வேண்டும். பத்து லிட்டர் வாளியில் நீர் நிரப்பி, உறிஞ்சு குழலை அதில் இட்டு, பாசனம் வழக்கம்போல் நடைபெறும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஆறு நிமிடத்தில் வாளி காலியானால் உறிஞ்சல் மணிக்கு 100 லிட்டர். இந்த எண்ணை டிரம்மின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, உரத்தின் அளவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்துக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்தைப் பரிந்துரைக்கிறது. அதில் 30 கிலோ அடியுரம். 30 கிலோ முப்பதாம் நாள் மேலுரம். மேலுரப் பகுதியை ஏக்கர்க் கணக்கில் கண்டால் சுமார் 12 கிலோ தழைச்சத்து, அதாவது 26.4 கிலோ யூரியா ஆகும். சொட்டுநீர் உள்ளவர் இதனை ஒரே நாளில் இடாமல், 22-ஆம் நாள் முதல் 43-ஆம் நாள் வரை மூன்று நாட்களுக்கு ஒரு முறையாக எட்டுப் பங்கு செய்வதாகக் கொள்வோம். ஒரு பங்குக்கு 3.3 கிலோ வருகிறது. இது முறையை விளக்கும் பொருட்டுக் கூறியது. தத்தம் நிலத்துக்குரிய அளவையும் நாளையும் மண் பரிசோதனைக்குப் பின், வேளாண்மை அலுவலரைக் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

இந்த 3.3 கிலோவைப் பத்து லிட்டர் நீரில் கரைத்தால் ஆறே நிமிடத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். கிணற்றடிக்கு அருகிலுள்ள செடிகள் உரத்தைப் பெற்று முடிந்தபோதும், கடைக்கோடிச் செடிகளுக்கு அது போய்ச் சேர்ந்திராது. ஐம்பது லிட்டர் நீரில் கரைத்தால் அரை மணி நேரம் ஓடும். குழாயில் மணிக்கு 15,000 லிட்டர் பாயும் தோட்டமானால், அரை மணியில் 7,500 லிட்டர் நீரில் 3.3 கிலோ யூரியா கலக்கிறது. லிட்டருக்கு அரைக் கிராமுக்கும் குறைவு. வேருக்கு இது இதமான செறிவு.

இப்போது இருபத்தைந்து சென்ட் தோட்டத்தைப் பார்ப்போம். ஒரு பங்குக்கு வேண்டுவது 825 கிராம் யூரியா. டிரம்மில் அதே ஐம்பது லிட்டர் நீர். அதே அரை மணி. குழாயில் செல்லும் நீர் காற்பங்கு, உரமும் காற்பங்கு. எனவே செறிவு முன்போலவே லிட்டருக்கு அரைக் கிராமுக்குள் அமைகிறது. வால்வைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தராசு ஒன்றே போதும்.

காற்பங்கு நிலத்துக்குப் பாய்ச்சும்போது மோட்டார் தரும் நீர் மிஞ்சும். அதனைக் கிணற்றுக்கே திருப்பிவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு திருப்பும் குழாய், வென்சுரிக்கு முன்னரே பிரிந்திருக்க வேண்டும். பின்னர்ப் பிரிந்தால் உரம் கலந்த நீர் கிணற்றில் விழும்.

காலமும் வரிசையும்

யூரியா நீரில் எளிதில் கரைவது. மண்ணில் அம்மோனியாவாக மாறும் வரை நீரோடு நீராக நகர்வது. ஆதலால், நெடுநேரம் நீர் பாய்ச்சும் நாளில் தொடக்கத்திலேயே உரத்தை விட்டால், பின்னால் வரும் நீர் அதனை வேருக்குக் கீழே இறக்கிவிடும். பாசன நேரத்தை நான்கு பங்கு செய்து, முதற் பங்கில் வெறும் நீரும், நடு இரண்டு பங்கில் உரமும், கடைப் பங்கில் மீண்டும் வெறும் நீரும் விடுவது நல்ல முறை. ஒரு மணி நேரப் பாசனமானால் பதினைந்து நிமிடம் நீர், முப்பது நிமிடம் உரம், பதினைந்து நிமிடம் நீர்.

காலியான குழாயில் மோட்டாரை ஓட்டியது முதல் கடைசிச் சொட்டுவானில் நீர் தோன்றும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொள்க. இறுதியில் விடும் வெறும் நீர் குறைந்தது அதன் இரு மடங்கு நேரமாவது ஓட வேண்டும். இல்லையேல், உரம் குழாயிலேயே தங்கி அடுத்த பாசனத்தின் தொடக்கத்தில் கொட்டும். பாசி படரவும் இடமாகும்.

வென்சுரிக்குப் பதிலாக, நீர் உட்புகுந்து வெளியேறும் உரத்தொட்டியை வைத்திருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். அத்தொட்டியிலிருந்து முதலில் செறிந்த கரைசலும் போகப்போக நீர்த்த கரைசலும் வெளிவரும். தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு நீர் அதனூடே சென்றபின் நூற்றில் இரண்டு பங்கு உரமே எஞ்சும். ஒரு பாத்தியின் முழு உரத்தை ஒரே தடவையில் கொடுக்க இது ஏற்றது. ஒரு தொட்டி உரத்தை வால்வு மாற்றி இரண்டு மூன்று பகுதிகளுக்குப் பங்கிட இது ஏற்றதன்று; முதற்பகுதியே பெரும்பங்கை உண்டுவிடும்.

கிணற்றைக் காத்தல்

தோட்டத்துக் கிணறே பல குடும்பங்களுக்குக் குடிநீர்க் கிணறும் ஆகும். மும்முனை மின்சாரம் திடீரென நின்றால் குழாயில் நிற்கும் நீர் கிணற்றை நோக்கித் திரும்புகிறது. அப்பொழுது உரக் கரைசலும் உடன் இழுக்கப்படக்கூடும். கிணற்றடியில் உள்ள புட் வால்வை மட்டும் நம்புதல் போதாது; அது நாளடைவில் கசியும். மோட்டாருக்கும் வென்சுரிக்கும் இடையே, நீர் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். உறிஞ்சு குழலிலும் சிறிய தடை வால்வு இருத்தல் நலம். உர டிரம்மைக் கிணற்று மேடையின் மேல் வைத்தல் கூடாது.

வேருக்கு எட்டாமல் கீழிறங்கும் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரை அடைகிறது. குடிநீரில் நைட்ரேட்டு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வரம்பு. இதற்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்க வைத்தாலும் நீங்காது. அந்நீரில் பால் மாவு கலந்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளுக்கு இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். ஆகவே, உரத்தை அளந்து விடுவது சிக்கனத்துக்காக மட்டுமன்று. வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்காகவும் ஆகும்.

சொட்டுநீர் இல்லாதார்க்கு

கையால் உரம் இடுவோருக்கும் இதே நெறி பொருந்தும். இருபத்தைந்து சென்ட்டுக்கு ஆறரைக் கிலோ யூரியாவைத் தனியே வீசினால் திட்டுத்திட்டாகவே விழும். யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, தூளாக்கிய வேப்பம் பிண்ணாக்கு 1 பங்கு எனக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இட்டால் பருமன் இரட்டிப்பாகும், வீச்சு சீராகும், சத்தும் மெல்லக் கரைந்து பயிருக்குக் கிட்டும். பாதி உரத்தை நீளவாட்டிலும் மறுபாதியைக் குறுக்குவாட்டிலும் நடந்து இடுவது இன்னும் நன்று.

சோதித்து அறிதல்

மாதம் ஒரு முறை செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. மேட்டில் முதலிலும் கடைசியிலும், பள்ளத்தில் முதலிலும் கடைசியிலுமாக நான்கு சொட்டுவான்களின் கீழ் நான்கு பாத்திரங்களை வைக்க வேண்டும். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் பதினைந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் தர வேண்டும். நான்கிலும் உள்ள நீரை அளந்து பார்த்து, பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு தோன்றினால் வடிகட்டியைக் கழுவ வேண்டும். பக்கவாட்டுக் குழாய்களின் முனைகளைத் திறந்து அழுக்கை வெளியேற்ற வேண்டும். அழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். நீர் சீராகப் பிரியாத தோட்டத்தில் உரம் சீராகப் பிரியாது.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. உரத்தை நிறுத்தே கரைக்க வேண்டும். கைப்பிடிக் கணக்கு ஆகாது.
2. அளவைக் குறைக்க உரத்தைக் குறைக்க வேண்டும். கரைக்கும் நீரையும் அழுத்தத்தையும் குறைத்தல் கூடாது.
3. முதலில் நீர், நடுவில் உரம், இறுதியில் நீர்.
4. தடை வால்வு இன்றி வென்சுரியை இயக்கக்கூடாது.
5. கரைசலைத் துணியில் வடிகட்டிய பின்னரே டிரம்மில் விட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு தடை வால்வு ஆகியவை இருந்தால் போதும். சுய உதவிக் குழுக்களும் உழவர் குழுக்களும் தத்தம் ஊரில் ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வாளியும் கடிகாரமுமாக இந்த அளவைகளை ஒருநாள் எல்லாரும் காணச் செய்து காட்டலாம். ஒருவர் கண்டதைப் பத்துப் பேர் செய்வர். இருபத்தைந்து சென்ட் உடையவரும் தம் உரத்தைக் கிராம் கணக்கில் ஆளக் கற்றுக்கொண்டால், பட்டறையில் சரக்கு நிலைக்கும். கிணற்றில் நல்ல நீர் ஊறும்.